மந்திரக்கோல் எங்கே தொட்டது? வாசகர் கேள்வி – பதில்

இலை, தானியம், துணி போன்றவற்றின் படங்களைக் கணினியில் அளக்க உதவும் இமேஜ்-ஜே மென்பொருளையும், அதனுடன் பல கூடுதல் நிரல்களைச் சேர்த்து வழங்கும் ஃபிஜியையும் சென்ற இதழில் அறிமுகம் செய்திருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் குமுளி, நகரி, பாறசாலை, கொழிஞ்சாம்பாறை, செங்கோட்டை என எல்லையோரத்து ஊர்களிலிருந்து வந்தவையே மிகுதி. கேள்விகள் பலவும் இரண்டு இடங்களைச் சுற்றியே அமைந்திருந்தன: படத்தில் அளக்க வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி, அந்த வேலையை ஒரே விசையில் அடக்குவது எப்படி.

கேள்வி: எங்கள் மிளகுத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பறித்த 240 இலைகளை ஏ4 ஸ்கேனரில் வைத்துப் படமாக்கியிருக்கிறேன். வாடல் நோயின் கரும்புள்ளி ஒவ்வோர் இலையிலும் எத்தனை விழுக்காடு பரவியிருக்கிறது என்று கணக்கிட வேண்டும். கையால் விளிம்பு வரைந்தால் ஓர் இலைக்குப் பத்து நிமிடம் ஆகிறது. மந்திரக்கோல் கருவியால் சொடுக்கினால் நொடியில் முடிகிறது; ஆனால் ஒரே இலையை நான் அளந்தால் ஒரு விடையும் என் தங்கை அளந்தால் வேறொரு விடையும் வருகிறது. யார் அளந்தது சரி? (வேளாண் முதுகலை மாணவர், குமுளி)

பதில்: இருவருமே கருவியைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள், இருவரும் சொடுக்கிய இடம்தான் வேறு. மந்திரக்கோல், நீங்கள் சொடுக்கிய பிக்சலின் ஒளிமதிப்பை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நீங்கள் கொடுத்த ஏற்பளவுக்குள் ('டாலரன்ஸ்', அதாவது எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்ற எண்) மேலும் கீழும் அமைகின்ற, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பிக்சல்களை எல்லாம் ஒரே பகுதியாகச் சுற்றி வளைக்கிறது. ஏற்பளவு 20 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் புள்ளியின் நடுவே, மதிப்பு 42 உள்ள இடத்தில் சொடுக்கினால் 22 முதல் 62 வரை உள்ளவை பிடிபடும். தங்கை சற்று விளிம்பருகே, மதிப்பு 58 உள்ள இடத்தில் சொடுக்கினால் 38 முதல் 78 வரை உள்ளவை பிடிபடும். பார்த்தால் ஒரே கறுப்பு. கருவிக்கு அது இரண்டு புள்ளி.

மிளகு வாடலில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். மலையாளத்தில் த்ருதவாட்டம் என்று உங்கள் பக்கத்தில் சொல்லும் அந்த நோயை உண்டாக்குவது பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர். அது இலையில் போடும் புள்ளிக்குக் கத்தரித்தது போன்ற விளிம்பு கிடையாது; பரவும் முனை, துணியின் ஓரத்து நூல் பிரிந்ததுபோல் இழையிழையாக இருக்கும். அந்த இழைகளில் எது நோய், எது இலை என்பதை ஏற்பளவு என்ற ஓர் எண்ணும் சொடுக்கிய விரலும் சேர்ந்து முடிவு செய்கின்றன. 240 இலைகளை இப்படி ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் 240 தனித்தனி முடிவுகள் எடுத்திருப்பீர்கள், எதையும் எழுதி வைக்காமல்.

ஆகவே மந்திரக்கோலை இலையின் வெளிவிளிம்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; புள்ளிக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். முதலில் வண்ணப் படத்தை நகலெடுத்துக்கொண்டு, 'இமேஜ்' மெனுவில் 'கலர்' என்பதன் கீழே உள்ள 'ஸ்பிளிட் சேனல்ஸ்' கட்டளையால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய சேனல்களுக்கு ஒன்றாக மூன்று சாம்பல் நிறப் படங்களாகப் பிரியுங்கள். நகலெடுக்கும்போது படத்தின்மேல் ஏதேனும் தேர்வு கிடந்தால் அந்தத் துண்டு மட்டுமே நகலாகும். எனவே அதற்கு முன் கண்ட்ரோல், ஷிப்ட், ஏ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தித் தேர்வை நீக்கிவிடுங்கள். பிரிந்த மூன்றில் பச்சைச் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்கேனர் மூடியின் வெள்ளை மிக வெளிச்சமாகவும், நலமான இலை நடுத்தரமாகவும், கரும்புள்ளி மிக இருளாகவும் விழும். வெள்ளைக்கும் இலைக்கும் நடுவே 'திரெஷோல்டு' என்னும் ஒளிமதிப்பு வரம்பை வைத்து, பிறகு மந்திரக்கோலால் இலையைத் தொட்டால் முழு இலையும் சுற்றி வளைக்கப்படும். வரம்பு வைக்காமல் ஏற்பளவை மட்டும் நம்பினால், இலையின் ஓரத்தில் இருக்கும் புள்ளி இலைக்கு வெளியே தள்ளப்பட்டு, மொத்தப் பரப்பு குறைந்துவிடும். நோய் மிகுந்த இலைகளில்தான் இந்தப் பிழை மிகுதியாக வரும் என்பதால் அதைச் சிறியதென்று விட முடியாது.

புள்ளிக்கு இரண்டாவது வரம்பு ஒன்று வையுங்கள். வெவ்வேறு தோட்டத்து இலைகளாகப் பத்துப் பன்னிரண்டை எடுத்து, நீங்களும் தங்கையும் ஒன்றாக உட்கார்ந்து, கண்ணுக்குச் சரியென்று படும் ஒரே எண்ணைத் தேர்ந்து, அதை நோட்டில் எழுதிவிட்டு, 240 இலைகளுக்கும் அதையே வையுங்கள். ஸ்கேனரின் தானியங்கி வெளிச்சத் திருத்தம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் அதே எண்ணுக்கு வேறு பொருள் வரும். புள்ளியைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையத்தைச் சேர்ப்பதா என்பது கருவி சொல்லக்கூடிய விஷயமன்று. உங்கள் வழிகாட்டியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சேர்ப்பதென்றால் பச்சைச் சேனல் உதவாது, சிவப்புச் சேனலைப் பார்க்க வேண்டும். பச்சை இலையைவிட மஞ்சள் அங்கே வெளிச்சமாகத் தெரியும்.

இன்னொன்று. மந்திரக்கோல் வெளிவிளிம்பை மட்டுமே சுற்றி வரும். பூச்சி தின்ற துளை இலையின் பரப்பிலேயே சேர்ந்துவிடும். அதைக் கழிக்க வேண்டுமானால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு துளையைச் சுற்றி வரையுங்கள். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு வரைந்தால் கூடும். இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாப் பரப்புத் தேர்வுக் கருவிகளுக்கும் பொது.

கேள்வி: விசைத்தறித் துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை (குறுக்கு) இழை என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவது கண்ணுக்கு நோவாக இருக்கிறது. அலைபேசியில் எடுத்த படத்தைக் கொண்டு எண்ண முடியுமா? (விசைத்தறி உரிமையாளர், நகரி)

பதில்: தாராளமாக முடியும், செவ்வகமும் மந்திரக்கோலும் வேண்டாம், ஒரு கோடு போதும். துணியை வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிரே விறைப்பாகப் பிடித்து, அதன்மேல் எஃகு அளவுகோலையும் வைத்துப் படமெடுங்கள். அளவுகோலில் ஓர் அங்குலத்தின்மேல் கோடு இழுத்து, 'அனலைஸ்' மெனுவின் 'செட் ஸ்கேல்' கட்டளையில் அது 25.4 மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுங்கள். பிறகு ஊடையை எண்ண, பாவு (நெடுக்கு இழை) ஓடும் திசையில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கோடு இழுத்து, 'கே' விசையைத் தட்டினால், கோட்டின் வழியே வெளிச்சம் ஏறி இறங்கும் வரைபடம் வரும். ஒவ்வொரு மேடும் ஓர் இடைவெளி, ஒவ்வொரு பள்ளமும் ஓர் இழை. பள்ளங்களை எண்ணி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பிக்சல் அகலக் கோட்டில் நூலின் முடிச்சும் பிசிறும்கூடப் பள்ளமாகத் தெரியும். கோட்டுக் கருவியின்மேல் இரட்டைச் சொடுக்குச் செய்து அகலத்தை 30 பிக்சல் ஆக்கினால், அத்தனை அகலத்தின் சராசரி எடுக்கப்பட்டு, பிசிறு மறைந்து இழை மட்டும் நிற்கும். ஆனால் அகலக் கோடு சாய்ந்திருந்தால் பக்கத்து இழைகள் ஒன்றோடொன்று கலந்து வரைபடம் மழுங்கிவிடும். ஐந்து பாகை சாய்வால் இழைகளுக்கிடையே உள்ள தூரத்தில் வரும் பிழை அரை விழுக்காடுகூட இல்லை. கெடுவது எண்ணிக்கை அன்று, தெளிவுதான். ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் கோடு நேராக நிற்கும். படத்தை முதலிலேயே நேராகத் திருப்பிக்கொள்வது அதற்குத் துணை. வரைபடச் சாளரத்தில் உள்ள 'லைவ்' பொத்தானை அழுத்திவிட்டுக் கோட்டை அங்குமிங்கும் நகர்த்திப் பாருங்கள். தறி ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் தளர்த்தியும் நெய்திருப்பது கண்முன்னே தெரியும். பூதக்கண்ணாடி இதைக் காட்டாது.

கேள்வி: இந்த மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டுமா? பள்ளியின் பழைய கணினியில் ஓடுமா? (பள்ளி ஆசிரியை, பாறசாலை)

பதில்: கட்ட வேண்டாம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய வெய்ன் ராஸ்பேண்ட் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக எழுதத் தொடங்கிய நிரல்தான் இதற்கு முன்னோடி; அதை எல்லாக் கணினிகளிலும் ஓடும்படி ஜாவா மொழியில் 1997இல் இமேஜ்-ஜே என்று வெளியிட்டார். இது பொதுவுடைமையாக விடப்பட்ட நிரல். பழைய கணினிக்கு ஃபிஜியைவிட வெறும் இமேஜ்-ஜே இலகுவாக இருக்கும்.

கேள்வி: பாலக்காட்டு மட்டை அரிசியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் கோடு இழுத்து, அளந்து, பட்டியலில் சேர்த்து, மறுபடி கருவியை எடுத்து என்று கை வலிக்கிறது. 'ரிக்கார்டு' கட்டளையால் பதிவு செய்து ஒரு மேக்ரோ (பல கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) தயாரித்தேன். அதை 'எம்' விசையில் வைத்தேன். முதல் மணிக்குச் சரியாக வந்தது. அடுத்த 40 மணிகளும் அச்சு அசலாக அதே நீளம் என்கிறது! இப்போது பழைய 'எம்' விசையும் வேலை செய்யவில்லை. (கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: நாற்பது மணிகளும் ஒரே நீளம் என்றால் அது அரிசி அன்று, அச்சு வார்ப்பு. நீங்கள் அதைக் கவனித்ததே நல்லது. கவனிக்காமல் ஆய்வேட்டில் சேர்த்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பதிவுக் கட்டளை நீங்கள் செய்த எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். முதல் மணியின்மேல் கோடு இழுத்தீர்களே, அதையும் 'மேக்லைன்' என்ற கட்டளையாக, நான்கு எண்களோடு எழுதியிருக்கும். அந்த நான்கும் கோட்டின் இரு முனைகள் படத்தில் இருக்கும் இடம். விசையைத் தட்டும் ஒவ்வொரு தடவையும், நீங்கள் புதிதாக இழுத்த கோட்டை அழித்துவிட்டு, முதல் மணியின்மேல் பழைய கோட்டையே மேக்ரோ போட்டு அளக்கிறது. பதிவுச் சாளரத்தில் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுங்கள். எங்கே அளப்பது என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். அளந்ததை எழுதுவதும், பட்டியலில் சேர்ப்பதும், அளந்த மணிமேல் குறி வைப்பதும், கோட்டுக் கருவியை மறுபடி எடுத்துத் தருவதும் மேக்ரோவின் வேலை.

நீக்கிய வரியின் இடத்தில் ஒரு காவல் வரியைச் சேருங்கள். தேர்வு எதுவும் இல்லாதபோது 'மெஷர்' கட்டளை பேசாமல் முழுப் படத்தையும் அளந்து, ஒரு பெரிய எண்ணைப் பட்டியலில் செருகிவிடும். அவசரத்தில் விசையை இரண்டு தடவை தட்டுகிறவர்களின் பட்டியலில் இது அடிக்கடி நிகழும். 'செலக்‌ஷன்டைப்' என்ற சார்பு, தேர்வு இல்லையென்றால் கழித்தல் ஒன்று என்ற மதிப்பைத் தரும். மதிப்பு அப்படி இருந்தால் 'முதலில் கோடு இழுக்கவும்' என்று சொல்லி நின்றுவிடும்படி எழுதிவிட்டால் அந்தக் கவலை விட்டது.

விசையைப் பற்றி. மேக்ரோவின் முதல் வரியில், 'மேக்ரோ' என்ற சொல்லுக்கு அடுத்து இரட்டை மேற்கோளுக்குள் அதன் பெயரையும், அதே மேற்கோளுக்குள் சதுர அடைப்பில் விசையையும் எழுதுகிறோம். நீங்கள் அங்கே 'எம்' என்று வைத்ததால், மென்பொருளுக்கு இயல்பாக உள்ள 'எம்', அதாவது 'மெஷர்' கட்டளை, பின்னுக்குப் போய்விட்டது. தொலைந்துவிடவில்லை, கண்ட்ரோல் விசையோடு சேர்த்துத் தட்டினால் பழைய கட்டளை வரும். ஆனாலும் எழுத்து விசைகளைத் தொடாமல் எஃப் 2, எஃப் 3 போன்ற விசைகளையோ எண்தட்டையோ பயன்படுத்துவதே என் விருப்பம். மடிக்கணினியில் எஃப் விசைகள் திரை வெளிச்சத்தையும் ஒலியையும் மாற்றும்படி அமைந்திருந்தால், எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். மேக்ரோ ஓடவில்லை என்று எழுதும் வாசகர்களில் சிலருக்குக் கோளாறு இங்கேதான் இருக்கிறது.

'இன்ஸ்டால்' செய்த மேக்ரோ, மென்பொருளை மூடியதும் மறைந்துவிடும். நாள்தோறும் தேவையென்றால், மேக்ரோக்களுக்கான கோப்புறையில் உள்ள தொடக்க மேக்ரோக் கோப்பில் அதை ஒட்டி வையுங்கள். திறக்கும்போதே விசை தயாராக இருக்கும். ஒட்டுவதற்கு முன் அந்தக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: அரிசிக்குக் கோடு இழுப்பதே வேண்டாம். கறுப்புத் துணிமேல் மணிகளைப் பரப்பிப் படமெடுத்து, வரம்பு வைத்து, 'அனலைஸ் பார்ட்டிக்கிள்ஸ்' கட்டளையைக் கொடுத்தால் எல்லா மணிகளையும் ஒரே தடவையில் அளக்கும். அளவுப் பட்டியலில் 'ஃபெரெட்' என்பதைத் தேர்ந்துகொண்டால், மணியின் மிக நீண்ட குறுக்களவும் மிகச் சிறிய குறுக்களவும் கிடைக்கும்; அவையே நீளமும் அகலமும். தவிடும் தூசும் சேராதபடி பரப்பின் கீழ்வரம்பை உங்கள் அரிசிக்கேற்ப வையுங்கள். ஓரத்தில் அறுபட்ட மணிகளை விலக்கும் பெட்டியையும் குறியிடுங்கள். மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் 'வாட்டர்ஷெட்' கட்டளை பிரித்துத் தரும் என்பார்கள். உருண்டையான பொருளுக்கு அது நன்றாகப் பிரிக்கும். நீண்ட மணியை நடுவில் வெட்டி இரண்டாக்கவும் செய்யும். படமெடுக்கும் முன் விரலால் அரை நிமிடம் தள்ளிப் பரப்பிவிடுவது அதைவிட மேல்.

கேள்வி: போன மாதம் அளந்த அதே இலைப் படங்களை இப்போது அளந்தால் பரப்பு வேறாக வருகிறது. படங்கள் மாறவில்லை. எங்கே பிழை? (ஆய்வக உதவியாளர், செங்கோட்டை)

பதில்: மூன்று இடங்களில் பாருங்கள். முதலாவது, 'செட் மெஷர்மென்ட்ஸ்' சாளரத்தில் 'லிமிட் டு திரெஷோல்டு' என்ற பெட்டி. அதில் குறி இருந்தால், தேர்வுக்குள்ளேயும் வரம்புக்கு உட்பட்ட பிக்சல்கள் மட்டுமே எண்ணப்படும். பரப்பு குறைந்து வரும். இரண்டாவது, அலைபேசிச் செய்தியில் அனுப்பிப் பெற்ற படமா என்பது. பெயர் அதேதான் என்றாலும் வழியில் சுருக்கப்பட்டிருக்கும். பிக்சல் எண்ணிக்கையும் விளிம்பும் மாறியிருக்கும். அளப்பதற்கான படத்தை டிஃப் வடிவில் பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் குற்றவாளி: அளவுகோல். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்த படத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 118.11 பிக்சல். 'செட் ஸ்கேல்' சாளரத்தில் 'குளோபல்' என்ற பெட்டியைக் குறியிட்டால், அதன் பிறகு திறக்கும் எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தும். ஒரு தடவை அலைபேசிப் படம் ஒன்றுக்குச் சென்டிமீட்டருக்கு 84 பிக்சல் என்று கொடுத்துக் குறியையும் போட்டுவிட்டு, தேநீர் குடித்து வந்து, ஸ்கேனர் படங்களை வரிசையாக அளந்தேன். நீளத்தில் வரும் பிழை பரப்பில் தன்னாலேயே பெருகி வரும். என் இலைகள் எல்லாம் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டன. படத்தின் தலைப்புக்குக் கீழே அளவும் அலகும் ஒரு சிறு வரியாக எழுதப்பட்டிருக்கும். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். அங்கே 29 என்று நின்றதை நான் படிக்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒரு மூலையில் ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கிராப் தாள் துண்டை வைத்து, அதை முதலில் அளந்து, 25 வந்தால்தான் மேலே போகிறேன்.

ஒரு வகுத்தலில் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அலைபேசிப் படங்களும் ஸ்கேனர் படங்களும் பட்டியலில் கலந்து கிடந்தன. எந்த வரி எதிலிருந்து வந்தது என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் இலையின் விளிம்பையும் 'டீ' விசையால், தேர்ந்த பகுதிகளைச் சேர்த்து வைக்கும் 'ஆர்ஓஐ மேனேஜர்' பட்டியலில் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகப் படத்தின் பெயரிலேயே சேமித்திருந்தேன். அந்தக் கோப்பில் இருப்பது விளிம்பின் பிக்சல் இடங்கள் மட்டுமே. சென்டிமீட்டர் அதில் இல்லை. ஆகையால் படத்தைத் திறந்து, சரியான அளவுகோலைக் கொடுத்து, ஜிப்பை ஏற்றி, 'மெஷர்' பொத்தானை அழுத்தினேன். ஒரு விளிம்பைக்கூட மறுபடி வரையாமல் 60 இலைகளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தன.